ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஒரு விமான நிலையம்

பழைய சிமுலேட்டர் விளையாட்டு ஆடுகிறவர்களிடையே ஒரு சம்பிரதாயம் உண்டு. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-ஐயோ ட்ரெயின் சிமுலேட்டரையோ இன்றைய விண்டோஸில் ஏற்றப்போகிறேன் என்று யாராவது சொன்னால், விஷயம் தெரிந்தவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான்: "ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல போடாத. சி டிரைவ்ல தனியா ஒரு ஃபோல்டர் பண்ணி அதுக்குள்ள போடு." ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. யாரோ சொன்னார்கள், செய்தோம், வேலை செய்தது, அவ்வளவுதான். திருச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நானும் பல வருஷம் காரணம் சொல்லாமலே இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறிப் போய் மதர்போர்டும் ராமும் வாங்கி வந்து பூட்டிக் கொடுத்த காலம் அது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டேலி கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, பிரிண்டர் இழுக்கவில்லை என்று வருகிறவர்கள். இடையிடையே யாராவது ஒருவர், உறை மஞ்சளடித்துப்போன சிடிக்களைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைப்பார். அன்றைக்கு மட்டும் நான் கூலி விஷயத்தில் கறாராக இருக்கமாட்டேன். அந்தச் சிடிக்களுக்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வாடகைத் தகராறு இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு.

வழக்கு தொடங்கும்போது தகராறே இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த ப்ரூஸ் ஆர்ட்விக், 1970களின் நடுவில், பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணினித் திரையில் வரைவது பற்றி முதுகலை ஆய்வு செய்தார். அதிலிருந்து சப்லாஜிக் என்ற நிறுவனம் பிறந்தது, ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு விமான விளையாட்டு வந்தது. மைக்ரோசாஃப்ட் அதன் உரிமம் வாங்கி, 1982 நவம்பரில் ஐபிஎம் பிசிக்கு வெளியிட்டது. அந்த முதல் பதிப்புக்கு டாஸ் தேவையில்லை. ஃப்ளாப்பியைச் செருகி மெஷினை ஆன் செய்தால், எந்த வகை மானிட்டர் என்பதுபோல ஓரிரு கேள்வி கேட்டுவிட்டு, நேரே சிகாகோவின் மீக்ஸ் ஃபீல்டு ஓடுபாதையில் ஒரு செஸ்னா விமானத்துக்குள் உட்காரவைக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற மூன்றாவது ஆளே நடுவில் கிடையாது. மெஷின் முழுக்க விளையாட்டின் கையில். ஐபிஎம்மைப் பார்த்து மற்றவர்கள் செய்த கணினிகள் உண்மையிலேயே ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, அன்றைக்கு லோட்டஸ் 1-2-3 கணக்கு மென்பொருளையும் ஃப்ளைட் சிமுலேட்டரையும்தான் ஓட்டிப் பார்ப்பார்களாம். இரண்டும் வன்பொருளோடு அவ்வளவு நெருங்கிப் பழகியவை.

பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது, விளையாட்டுகள் டாஸுக்குள் குடிவந்தன. அங்கேயும் தகராறு இல்லை. டாஸின் ஃபேட் ஃபைல் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் உண்டு, அளவு உண்டு, தேதி உண்டு, சொந்தக்காரர் மட்டும் கிடையாது. எழுதக்கூடாது என்று ஒரு குறி வைக்கலாம். வைத்த குறியை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஒரு மெஷின், ஒரு ஆள் என்ற கணக்கில் செய்த ஏற்பாடு இது. விளையாட்டு தன் ஃபோல்டருக்குள்ளேயே செட்டிங் எழுதும், ஸ்கோர் எழுதும், சேமித்த ஆட்டத்தை வைக்கும். வேறு எங்கே வைப்பது? பிற்காலத்தில் பாதுகாப்பு நிபுணர்கள் இதைப் பொறுப்பில்லாத பழக்கம் என்று திட்டியதைப் படித்திருக்கிறேன். அந்தத் திட்டில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய உலகத்தில் அதுதான் முறையான நடத்தை. தன் சாமானைத் தன் அறையில் வைத்துக்கொள்கிறவனை யார் குறை சொல்வது?

பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட இடங்களில் கதையே வேறு. பல்கலைக்கழக யூனிக்ஸ் மெஷின்களில் ஃபைலுக்குச் சொந்தக்காரரும் குழுவும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அங்கேயும் மாணவர்கள் விளையாடினார்கள். எல்லாருடைய ஸ்கோரும் ஒரே பட்டியலில் ஏற வேண்டும், ஆனால் ஒருவன் போய் மற்றவன் ஸ்கோரைத் திருத்தக்கூடாது. அதற்காக 'கேம்ஸ்' என்றே ஒரு குழுவை வைத்து, ஸ்கோர் ஃபைலை அந்தக் குழுவின் பேரில் எழுதி, விளையாட்டு ப்ரோக்ராமுக்கு மட்டும் ஓடும்போது அந்தக் குழுவின் அதிகாரம் கிடைக்கும்படி செய்திருந்தார்கள். விண்டோஸ்காரர்கள் பின்னாளில் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, விளையாட்டுக்கென்று தனிக் குழு வைத்த அந்தப் புத்திசாலித்தனம் எனக்கு இன்னும் பிடிக்கிறது.

ப்ரோக்ராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர் 1995-இல் விண்டோஸ் 95 கூடவே வந்தது. பெயர்தான் வந்தது, காவல் வரவில்லை. உள்ளே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்ட் பழைய விளையாட்டுகளை எவ்வளவு தாங்கியது என்பதற்கு சிம்சிட்டி கதை ஒன்று உண்டு. விண்டோஸ் 3-க்கு சிம்சிட்டி எழுதிய ஜான் ராஸ் சொன்னதாக ஜோயல் ஸ்போல்ஸ்கி இதை எழுதியிருக்கிறார். விடுவித்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் பிழை ஒன்று அந்த விளையாட்டில் இருந்தது. பழைய விண்டோஸில் அந்த நினைவகத்தை உடனே வேறு யாரும் எடுக்கமாட்டார்கள் என்பதால் வண்டி ஓடியது. விண்டோஸ் 95-இல் படுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் காரணத்தைத் தேடிப் பிடித்து, சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார், ஓடினால் நினைவகத்தை உடனே விடுவிக்காதே என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே தனி ஏற்பாடு எழுதிவைத்தார்கள். தப்பு விளையாட்டுடையது, திருத்தியது வீட்டுக்காரர். அந்த உபசாரம் பன்னிரண்டு வருஷம் கழித்து விண்டோஸ் விஸ்டாவில் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு நடுவில் சிமுலேட்டர்களுக்கு மட்டும் ஒரு விசேஷம் நடந்தது. மற்ற விளையாட்டுகளை வாங்கினால் ஆடி முடித்து மூடிவைப்போம். சிமுலேட்டருக்கு முடிவு கிடையாது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-இன் ஃபோல்டரைத் திறந்தால் ஏர்கிராஃப்ட், ஆட்ஆன் சீனரி, எஃபெக்ட்ஸ், காஜஸ், சவுண்ட், டெக்ஸ்சர் என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஏர்கிராஃப்டுக்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் மாடல், பேனல், சவுண்ட், டெக்ஸ்சர், கூடவே ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி என்று ஒரு சாதாரண எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஏர் இந்தியா நிறத்தில் யாரோ வரைந்த படங்களை டெக்ஸ்சர் ஃபோல்டராகப் பக்கத்தில் வைத்து, அந்த ஃபைலில் நாலைந்து வரி சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் விமானம் புது உடுப்போடு பட்டியலில் வந்து நிற்கும். உலகம் முழுக்க ஆட்கள் விமானமும் விமான நிலையமும் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஜிப் ஃபைலாக வரும். "மெயின் ஃபோல்டர்மேலேயே விரித்துவிடு, எல்லாம் தன்தன் இடத்துக்குப் போய்விடும்" என்று உள்ளே ஒரு ரீட்மீ இருக்கும்.

2003 மார்ச் மாதக் கடைசியில் ஓர் இரவில், சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி ஆள் அனுப்பி, மீக்ஸ் ஃபீல்டு ஓடுபாதையைப் புல்டோசரால் பெரிய பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிப் போட்டார். நிஜ விமான நிலையம் போயிற்று. சிமுலேட்டரில் அது உயிரோடு இருந்தது. அடுத்தடுத்த பதிப்புகளுக்கு ரசிகர்களே அதைச் செய்து சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நகரம் அழித்த ஓடுபாதை யார் யாருடைய ஹார்ட் டிஸ்கிலோ ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் இருந்தது. அந்த ஃபோல்டரை விளையாட்டு என்று சொல்வதைவிடப் பட்டறை என்று சொல்வதுதான் சரி.

ரயில்காரர்களுக்கும் அப்படித்தான். 2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டரில் இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், அமெரிக்காவின் மரியாஸ் பாஸ், ஜப்பானில் இரண்டு தடம் என்று மொத்தம் ஆறு தடங்கள். இந்திய ரயில் ஒன்றுகூட இல்லை. நம் ரயில் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? டபிள்யூடிஎம்-2, டபிள்யூஏபி-4 என்று எஞ்சின்களையும் பெட்டிகளையும் தாங்களே செய்து ஓட்டினார்கள். எஞ்சினின் குணமெல்லாம் 'இஎன்ஜி' என்று முடியும் ஒரு எழுத்து ஃபைலில் இருக்கும்: இழுவை எவ்வளவு, பிரேக் எப்படி, எடை எவ்வளவு. அதைத் திருத்துவதே சிலருக்கு விளையாட்டைவிடப் பெரிய விளையாட்டு.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது நிலைமை மாறியிருக்க வேண்டும். ஃபைலுக்குச் சொந்தக்காரரும் அனுமதிப் பட்டியலும் உள்ள என்டிஎஃப்எஸ் முறை அதற்குள் இருந்தது. ப்ரோக்ராம் ஃபைல்ஸில் சாதாரணப் பயனர் எழுதமுடியாது என்ற விதியும் இருந்தது. ஆனால் எக்ஸ்பி போட்டவுடன் உருவாகும் முதல் கணக்கே அட்மினிஸ்ட்ரேட்டர். எங்கள் ஊரில் இரண்டாவது கணக்கு உருவாக்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். பாஸ்வேர்டு வைத்தால், "மறந்துட்டேன் சார்" என்று கடைக்கு வருவார்கள் என்பதால் நாங்களும் வைப்பதில்லை. விதி காகிதத்தில் இருந்தது, எல்லாரும் அதற்கு மேலே நடந்துபோனார்கள்.

விளையாட்டு செய்தவர்களுக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் தன் முத்திரை கேட்கும் மென்பொருள்களுக்குச் சொல்லிவிட்டது: பயனரின் பொருளைப் பயனரின் ஃபோல்டரில் வை, உன் ஃபோல்டரில் வைக்காதே. யார் கேட்டார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2003 ஜனவரியில் வந்த சிம்சிட்டி 4 ஒழுங்காகக் கேட்டது. ஊர்களையும் ரசிகர்கள் செய்த கட்டடங்களையும் மை டாக்குமென்ட்ஸில் வைத்தது. 1999-இல் க்ரிஸ் சாயர் ஏறக்குறைய முழுதும் அசெம்பிளி மொழியில் எழுதிய ரோலர்கோஸ்டர் டைக்கூன், சேமித்த ஆட்டங்களைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே 'சேவ்டு கேம்ஸ்' என்று வைத்துக்கொண்டது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 பாதி கேட்டது. சேமித்த பயணங்களை மை டாக்குமென்ட்ஸுக்கு அனுப்பியது, முக்கியமான செட்டிங் ஃபைலைப் பயனர் கணக்குக்குள் வைத்தது. ஆனால் எந்தெந்த விமான நிலையங்களைச் சேர்த்திருக்கிறோம் என்ற பட்டியலான சீனரி.சிஎஃப்ஜி-யை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் சொன்ன விதியை மைக்ரோசாஃப்டின் விளையாட்டே பாதிதான் கேட்டது என்பதைச் சொல்லாமல் போகமுடியாது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ், அடுத்த வருஷம் சாசர். நெட்டில் செருகினாலே மெஷின் ஒரு நிமிஷத்தில் ரீஸ்டார்ட் ஆகப்போகிறேன் என்று கணக்குச் சொல்ல ஆரம்பிக்கும். எங்களுக்கு நல்ல வியாபாரம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தால், அவர்கள் பேரில் ஓடும் எந்த வைரஸும் அட்மினிஸ்ட்ரேட்டர்தான். இதற்குமேல் பொறுக்கமுடியாது என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்ததன் விளைவு விஸ்டாவில் தெரிந்தது.

கடைகளுக்கு விஸ்டா வந்தது 2007 ஜனவரி 30. அதில் யூஏசி என்ற காவல்காரர் நின்றார். அட்மினிஸ்ட்ரேட்டராகவே உள்ளே வந்தாலும், சாதாரண அதிகாரத்தோடுதான் ப்ரோக்ராம்கள் ஓடும். பெரிய காரியம் என்றால் திரை இருண்டு "அனுமதிக்கலாமா?" என்று கேட்கும். ஆப்பிள் இதை வைத்து ஒரு விளம்பரமே எடுத்துக் கிண்டலடித்தது. அந்தக் கேள்விப் பெட்டியைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, கேள்வியே கேட்காமல் நடந்த இன்னொரு காரியம்.

ப்ரோக்ராம் ஃபைல்ஸில் எழுதும் பழக்கமுள்ள ஆயிரக்கணக்கான பழைய ப்ரோக்ராம்களை என்ன செய்வது? முடியாது என்று முகத்தில் அடித்தால் எல்லாம் செத்துவிடும். எனவே விஸ்டா ஒரு பொய் சொன்னது. எழுதிக்கோ என்றது. எழுதியதை ப்ரோக்ராம் ஃபைல்ஸில் வைக்காமல், பயனர் கணக்கின் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டரில் வைத்தது. அந்த ப்ரோக்ராம் திரும்ப அதே ஃபைலைக் கேட்டால், முதலில் மறைவிடத்தில் பார்த்து அதை எடுத்துக் கொடுத்தது. வீட்டுக்காரர் கூடத்தில் சாமான் போடாதே என்று சொல்லமாட்டார். போட்டதை எடுத்துக் கொல்லைக்கட்டில் வைத்துவிட்டு, கேட்கும்போது கூடத்திலிருந்து எடுப்பதுபோலவே எடுத்துக் கொடுப்பார். அந்த மாதிரி. சிம்சிட்டிக்காக நினைவகத்தைப் பிடித்துவைத்த அதே உபசாரத்தின் வாரிசு இது.

சாதாரண விளையாட்டுக்கு இது போதும். ரோலர்கோஸ்டர் டைக்கூன் ஆடுகிற பையனுக்கு, தன் பூங்கா எங்கே சேமிக்கப்படுகிறது என்றே தெரியாது, தெரியவும் வேண்டாம். பட்டறைக்காரர்களுக்குத்தான் தலைசுற்றியது. ஏனென்றால் இந்தப் பொய் எல்லாருக்கும் சொல்லப்படுவதில்லை. தான் எந்த அதிகாரத்தில் ஓட வேண்டும் என்று அறிவிக்காத பழைய 32 பிட் ப்ரோக்ராம்களுக்கு மட்டும்தான். அறிவித்துவிட்டவற்றுக்கும் 64 பிட்டுக்கும் கிடையாது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுவதற்கும் கிடையாது.

விளைவைப் பாருங்கள். சிமுலேட்டருக்குள்ளேயே போய் ஒரு விமான நிலையத்தைச் சேர்க்கிறோம். சீனரி.சிஎஃப்ஜி-யின் புதுப் பிரதி மறைவிடத்தில் உருவாகிறது. அடுத்த வாரம் வேறொரு விமான நிலையத்தை அதன் இன்ஸ்டாலர்மூலம் போடுகிறோம். இன்ஸ்டாலர் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தில் ஓடுவதால், ப்ரோக்ராம் ஃபைல்ஸில் உள்ள அசல் பட்டியலில் எழுதுகிறது. சிமுலேட்டரோ மறைவிடத்துப் பிரதியைத்தான் படிக்கும். வெற்றிகரமாக முடிந்தது என்று திரை சொல்கிறது, விமான நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்தரை. சரி, சிமுலேட்டரையும் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஓட்டுவோம் என்றால், இப்போது அது அசல் பட்டியலைப் படிக்கும். புது விமான நிலையம் வந்துவிடும், முன்பு சேர்த்தவை காணாமல் போய்விடும். ஒரே ஃபைல், ஒரே பெயர், ஒரே பாதை, பார்க்கிற ஆளைப் பொறுத்து இரண்டு உள்ளடக்கம். ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலும் புரியாது, திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரருக்கும் அந்தப் பொய் சொல்லப்படுவதில்லை. விஸ்டாவிலும் விண்டோஸ் ஏழிலும் மேலே 'கம்பாட்டிபிலிட்டி ஃபைல்ஸ்' என்று ஒரு பட்டன் வரும், அழுத்தினால் மறைவிடம் திறக்கும். அதை அழுத்தியவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

பொன்மலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் என் கடைக்கு வருவார். வாழ்நாள் முழுக்க ஓட்டிய டபிள்யூடிஎம்-2 எஞ்சினை ட்ரெயின் சிமுலேட்டரில் ஓட்டுவதில் அவருக்கு ஒரு குறை. "இது 2600 குதிரை தம்பி. ஏத்தத்துல இப்படி ஓடாது. நாட்ச் வைச்சா மூச்சு வாங்கணும்." பேரன் சொல்லிக்கொடுத்து, இஎன்ஜி ஃபைலை நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றியிருக்கிறார். நோட்பேடு விண்டோஸின் சொந்தப் பிள்ளை, அதனிடம் பொய் சொல்லமாட்டார்கள். இங்கே எழுத உனக்கு அனுமதியில்லை, டாக்குமென்ட்ஸில் சேமிக்கட்டுமா என்று கேட்கும். அவர் ஆமாம் என்றிருக்கிறார். டாக்குமென்ட்ஸ் முழுக்க ஒரே எஞ்சினின் விதவிதமான பிரதிகள். விளையாட்டில் ஓடுவது என்னவோ பழைய எஞ்சின்தான். அந்தப் பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து அவர் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த எண் எந்த ஏற்றத்தில் நிஜத்தோடு ஒத்துப்போகும் என்று அவருக்கு உடம்பிலேயே கணக்கு இருந்தது. விளையாட்டை எடுத்து சி டிரைவில் தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எஞ்சின் மூச்சு வாங்குகிறது.

சி டிரைவின் வேரில் போட்டால் ஏன் சரியாகிறது என்பதற்கு இங்கே காரணம் சொல்லிவிடலாம். ப்ரோக்ராம் ஃபைல்ஸின் அனுமதிப் பட்டியலில் சாதாரணப் பயனருக்குப் படிக்கவும் ஓட்டவும்தான் உரிமை. சி டிரைவின் வேரில் புதிதாகச் செய்யும் ஃபோல்டருக்கோ, உள்ளே நுழைந்த எந்தப் பயனரும் திருத்தலாம் என்ற உரிமை தானாகவே இறங்கி வரும். ரகசியம் இவ்வளவுதான். பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி-யின் இன்ஸ்டாலர்கள் 'சி டிரைவ், ஜிஓஜி கேம்ஸ்' என்று ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்கு வெளியே இடம் காட்டுவதும் இந்த வழியில்தான். ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-ப்ளேன் இன்னும் ஒரு படி மேலே போய், டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு விலை இல்லாமல் இல்லை. நாம் திருத்தமுடிகிற எக்ஸ்இ-யை, நம் பேரில் ஓடும் வைரஸும் திருத்தமுடியும். ஆகவே விளையாட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்வேனே தவிர, யூஏசி-யை அணைத்துவிடச் சொல்லமாட்டேன். அப்படிச் செய்துகொடுக்கும் கடைகள் உண்டு, அது தப்பு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 64 பிட் விண்டோஸ் பரவியபோது 16 பிட் ப்ரோக்ராம்கள் ஓடுவது நின்றது. விளையாட்டு 32 பிட்டாக இருக்கும், அதன் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும், வாசலோடு சரி. 2015-இல் சேஃப்டிஸ்க் என்ற சிடி பூட்டுக்கான டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 கைவிட்டது. அசல் சிடி கையில் இருந்தும் ஓட்டமுடியாத நிலை பலருக்கு. இதற்கிடையே 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் ஃப்ளைட் சிமுலேட்டர்களைச் செய்த ஏசெஸ் ஸ்டூடியோவையே மூடிவிட்டதால், பழைய விளையாட்டுகளுக்குத் திருத்தம் கேட்டுப் போக ஓர் இடமும் இல்லை.

அடுத்த திருப்பம் 2017. மே மாதம் வான்னாக்ரை வந்து ஊர் ஊராக ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த வகை வைரஸுக்கு ப்ரோக்ராம் ஃபைல்ஸ் தேவையே இல்லை, அதற்கு வேண்டியது நம் கடிதங்களும் போட்டோக்களும் இருக்கும் டாக்குமென்ட்ஸ். பயனரின் அதிகாரமே அதற்குப் போதும். அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற புதிய காவல் சேர்ந்தது. அதை ஆன் செய்தால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக் ஃபோல்டர்களில் விண்டோஸுக்கு நம்பிக்கையான ப்ரோக்ராம்கள் மட்டுமே எழுதலாம். பரவலாகப் புழங்கி நல்ல பேர் எடுத்த ப்ரோக்ராம்களுக்கு நம்பிக்கை தானாகக் கிடைக்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய, கையொப்பமில்லாத, ரசிகர்கள் திருத்திய ஒரு எக்ஸ்இ-க்கு யார் நற்சான்றிதழ் கொடுப்பார்கள்?

என்னை இந்த இடத்தில் சிரிக்கவைப்பது நீதிக் கணக்குதான். உன் வீட்டில் வைக்காதே, பயனரின் டாக்குமென்ட்ஸில் வை என்று பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட சிம்சிட்டி 4, இப்போது அந்தக் காவலில் மாட்டிக்கொள்கிறது. சொல் கேட்காமல் சி டிரைவ் மூலையில் கிடக்கும் விளையாட்டு நிம்மதியாக ஓடுகிறது. இந்தக் காவல் தானாக ஆன் ஆகியிருக்காது என்பது ஆறுதல். ஆன் செய்திருப்பவர்களுக்கு நான் செய்துகொடுப்பது, அனுமதிப் பட்டியலில் அந்த விளையாட்டின் எக்ஸ்இ ஒன்றை மட்டும் சேர்ப்பது. காவலை எடுக்கவேண்டியதில்லை. டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டு போய்விட்ட மெஷின்கள் தனி ரகம், ஊரைக் கட்டக் கட்ட நெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்.

பட்டறைக்காரர்கள் வழக்கைத் தங்கள் வழியில் தீர்த்துக்கொண்டார்கள். ட்ரெயின் சிமுலேட்டரின் தடங்களையும் எஞ்சின்களையும் ஓட்டுவதற்காக ரசிகர்களே எழுதிய ஓபன் ரெயில்ஸ், ப்ரோக்ராம் ஓரிடம், ரயில்கள் வேறிடம் என்று இரண்டையும் பிரித்துவிட்டது. ரயில்கள் எந்த ஃபோல்டரில் என்று நாம் சொன்னால் போதும். க்ரிஸ் சாயரின் விளையாட்டுகளை மறுபடி எழுதிய ஓபன்டிடிடி-யும் ஓபன்ஆர்சிடி2-வும் பயனரின் பொருளை டாக்குமென்ட்ஸில் தங்கள் பேரில் தனி ஃபோல்டரில் வைக்கின்றன. 2020 ஆகஸ்டில் அசோபோ ஸ்டூடியோ செய்து மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதிய ஃப்ளைட் சிமுலேட்டரில் 'கம்யூனிட்டி' என்றே ஒரு ஃபோல்டர் உண்டு. வெளியார் செய்யும் விமானமும் விமான நிலையமும் அங்கேதான் போக வேண்டும், விளையாட்டின் சொந்த ஃபைல்களை யாரும் தொடவேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கினால் அந்த ஃபோல்டர் ஆப்டேட்டாவுக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். தேடிக் கொடுப்பதற்கே என்னிடம் ஆள் வருகிறது. ஆனாலும் பட்டறைக்கென்று விளையாட்டே இடம் ஒதுக்கிக் கொடுத்தது எனக்குச் சரியான தீர்ப்பாகப் படுகிறது.

வர்ச்சுவல்ஸ்டோரை மைக்ரோசாஃப்ட் தற்காலிக ஏற்பாடு என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னது, பின்னால் எடுத்துவிடுவோம் என்றும் எழுதிவைத்தது. விண்டோஸ் 11-இலும் அது இருக்கிறது. பழைய கணக்கு மென்பொருள்கள் எத்தனையோ அதை நம்பி ஓடுகின்றன. இதற்குமேல் 2024-இல் 'அட்மினிஸ்ட்ரேட்டர் ப்ரொடெக்ஷன்' என்று இன்னொன்றை அறிவித்தார்கள். அது ஆன் ஆகியிருக்கும் மெஷினில் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால், ப்ரோக்ராம் நம் கணக்கில் ஓடாது, விண்டோஸ் தானே வைத்திருக்கும் ஒரு மறைமுகக் கணக்கில் ஓடும். அந்தக் கணக்குக்குத் தனி டாக்குமென்ட்ஸ், தனி ஆப்டேட்டா. இத்தனை வருஷம் பழைய விளையாட்டுக்கு எல்லாரும் சொல்லிவந்த கைவைத்தியம் அந்த ரைட் கிளிக்தான். அதைச் செய்து ஓட்டினால், சேமித்த பயணங்கள் நம் டாக்குமென்ட்ஸில் இருக்காது, அந்த மறைமுகக் கணக்கின் டாக்குமென்ட்ஸில் இருக்கும். ஆகவே இப்போதெல்லாம் சிடியோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, ஐகானின் ப்ராப்பர்டீஸில் அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் டிக் போட்டிருக்கிறீர்களா என்றுதான். போட்டிருந்தால் எடுத்துவிட்டு, விளையாட்டை சி டிரைவுக்கு மாற்றிவிட்டு, வர்ச்சுவல்ஸ்டோரில் கிடக்கும் பழைய ஃபைல்களையும் கூடவே அள்ளிக்கொண்டு வருகிறேன்.